கூடம் கோணல்தான், அதனால் என்ன?

நான் பார்த்தவற்றிலேயே மகத்தான கால்பந்து மைதானம் எது என்று யாராவது கேட்டால் இனி நொடிகூடத் தயங்க மாட்டேன். பொலிவியாவில், எல் ஆல்தோ நகரின் வடக்குப் பக்கம், வில்லா இன்ஹேனியோ என்ற பேட்டையில் இருக்கிற நகராட்சி மைதானம்தான். கட்டடக்கலை அதிசயம் எதுவும் அங்கே இல்லை. இருபதாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம், அவ்வளவுதான். ஆனால் அது நிற்கிற இடம்! கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,100 மீட்டர் உயரம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அந்தச் சிகரத்துக்கும் மேலே இன்னும் 1,400 மீட்டர் ஏறி, அங்கே கோல்கம்பம் நட்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆடுகிறார்கள் இந்த மனிதர்கள். 2025 செப்டம்பர் 9 இரவு அங்கே பிரேசிலை 1-0 என்று வென்றார்கள். நான் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்று தொண்டை கிழியக் கத்தினேன். இதை எழுதும்போதும் கை பரபரக்கிறது.

ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே லா பாஸ் போய்ச் சேர்ந்திருந்தேன். எல் ஆல்தோ மேட்டுச் சமவெளியில் இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து கிண்ணம்போலக் குழிந்து இறங்குகிற பள்ளத்தில் லா பாஸ். விமானம் இறங்குவதும் மேலேதான், 4,061 மீட்டரில். கதவு திறந்ததும் காற்று மூக்குக்குள் போகிறது, ஆனால் போதவில்லை. இரண்டு படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. முதல் இரவு படுத்தால் தலை வலிக்கிறது, தூக்கத்தின் நடுவே மூச்சுக்குத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. எல்லோரும் கோகா இலைத் தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மெதுவாக நடந்தேன். இந்த உடம்பு அனுபவம் இல்லாமல் அந்த ஊர்க் கால்பந்துச் சண்டையைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று இப்போது நினைக்கிறேன். காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கேயும் போல 21 விழுக்காடுதான். காற்றழுத்தம்தான் குறைந்துவிடுகிறது: லா பாஸில் கடற்கரை ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, எல் ஆல்தோவில் அதைவிடவும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குப் போய்ச் சேர்வதும் அந்த அளவுக்குக் குறைகிறது. நடக்கிறவனுக்கே இப்படி. தொண்ணூறு நிமிடம் ஓடுகிறவனை நினைத்துப் பாருங்கள்.

நான் தங்கிய விடுதி மீராஃப்ளோரெஸில், எர்னாந்தோ சீலெஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1930-இல் திறந்த அரங்கம். உயரம் 3,600 மீட்டருக்குமேல். எதிரே தியவனாக்கு நாகரிகத்தின் தரைக்கடியில் தாழ்ந்த கோயிலை அப்படியே மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வானம் தெளிந்திருந்தால் இல்லிமானியின் பனிமுகடு தெரிகிறது. விடுதியை நடத்திய பெரியவர் தி ஸ்ட்ராங்கஸ்ட் கிளப்பின் ரசிகர். 1908-இல் தொடங்கிய, மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட அந்த அணிக்கு ஊரில் புலி என்று பெயர். பராகுவேயோடு நடந்த சாக்கோ போரில் இந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்கள் போர்முனைக்குப் போனார்கள். 1934-இல் அவர்கள் சண்டையிட்ட இடத்துக்குக் கன்யாதா ஸ்ட்ராங்கஸ்ட் என்றே பெயர் நின்றுவிட்டது. ஒரு கால்பந்துக் கிளப்பின் பெயரில் போர்க்களம்! இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தாழ்ந்தது. 1969-இல் விலோகோ மலையில் நடந்த விமான விபத்தில் அணியில் பெரும்பாலோர் மாண்டுபோனதையும் அதே குரலில் சொன்னார். அப்படிப்பட்டவருடைய வீட்டில், அதே காலைச் சிற்றுண்டி மேசையில், ரியோவிலிருந்து வந்த ஒரு பிரேசில் தம்பதியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் மனைவி இருவருமே ஃபிளமெங்கோ கிளப்பின் ரசிகர்கள். அந்த மேசையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனமே வரவில்லை.

சண்டையை ஆரம்பித்தவர் கணவர். "இது கால்பந்து இல்லை" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "மலையேற்றப் போட்டி."

அவர் ஆத்திரத்துக்கு வரலாறு இருக்கிறது. 2007 பிப்ரவரியில் ஃபிளமெங்கோ, தென்னமெரிக்கக் கிளப்புகளின் கோப்பையான கோப்பா லிபர்த்தடோரெஸ் ஆட்டத்துக்காக பொத்தோசி போனது. லா பாஸைவிட உயரமான, பழைய வெள்ளிச் சுரங்க ஊர். எதிரணி ரியல் பொத்தோசி. மழையும் குளிரும் சேர்ந்துகொள்ள, வீரர்கள் இடையிடையே பிராணவாயு முகமூடியை மூக்கில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு ஆடினார்கள். 2-2 சமன். ஊர் திரும்பியதும் ஃபிளமெங்கோ நிர்வாகம் இனி இப்படிப்பட்ட உயரங்களுக்கு வர மாட்டோம் என்று அறிவித்தது. பிரேசில் சங்கமும் கூடச் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு மே மாதம் ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று தடை போட்டது. லா பாஸ் போச்சு, கீத்தோ போச்சு, பொகோத்தாவும் போச்சு.

பொலிவியா கொதித்தெழுந்ததைப் பெரியவர் எழுந்து நின்றே விவரித்தார். அப்போது நாட்டின் ஜனாதிபதி ஈவோ மொராலெஸ். அய்மாரா குடியில் பிறந்தவர், கால்பந்துப் பித்தர். நாட்டின் உச்சிச் சிகரமான சஹாமாவில், 6,000 மீட்டருக்கு மேல், பனியில் ஒரு பந்தை உருட்டி ஆடிக் காட்டினார். மூச்சு விட முடிகிற இடத்தில் பந்து ஆடவும் முடியும் என்பது அவருடைய வாதம். ஃபிஃபா முதலில் வரம்பை 3,000 மீட்டருக்கு உயர்த்தி லா பாஸுக்கு விலக்குக் கொடுத்தது. 2008 மே மாதம் தடையையே நிறுத்தி வைத்தது. அதற்குச் சில வாரம் முன்பு தியேகோ மரதோனா லா பாஸுக்கு வந்து, மொராலெஸோடு சேர்ந்து சீலெஸ் மைதானத்தில் ஆடி, இந்த ஊர்க்காரர்களுக்கு ஆதரவு சொன்னார். அடுத்த ஆண்டு, 2009 ஏப்ரல் 1 அன்று, அதே மைதானத்துக்கு அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக வந்தார். 6-1 என்று தோற்றார். ஹோவாகின் பொத்தேரோ மட்டும் மூன்று கோல். மரதோனா உயரத்தைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே லா பாஸில் அவர் படத்தை மாட்டி வைக்கலாம் என்றார் பெரியவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நம் ஊரில் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். பிரேசில்காரர்களைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசும். அவர்கள் ஆடத் தெரிந்தவர்கள். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல்தான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் கோணல் தரையிலேயே நடை பழகியிருக்கிறான், அதுதான் விஷயம். விருந்தாளி கால் இடறுகிறது என்பதற்காக அவன் தன் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரில் வாடகைக்கு ஆட வேண்டுமா?

கோணல் எவ்வளவு என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பேட்ரிக் மக்ஷாரி, தென்னமெரிக்காவின் பத்து நாடுகள் நூறு ஆண்டுகளாக ஆடிய 1,460 சர்வதேச ஆட்டங்களை எடுத்து ஆராய்ந்து, 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டர் கூடினால் உள்ளூர் அணிக்கு ஏறத்தாழ அரை கோல் லாபம். ஒரே உயரத்து அணிகள் மோதினால் உள்ளூர் அணி ஜெயிக்கிற வாய்ப்பு 53.7 விழுக்காடு, பொலிவியா தன் உயரத்தில் பிரேசிலைச் சந்தித்தால் அது 82.5 ஆகிவிடுகிறது. பிரேசில் கணவர் இந்த எண்ணை மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார். "பார்த்தீர்களா, பார்த்தீர்களா" என்றார் என்னிடம். நான் வேறொன்றைப் பார்த்தேன். உயரமே வித்தியாசப்படாத இடத்திலும் வீட்டுக்காரன்தான் பாதிக்கு மேல் ஜெயிக்கிறான். உலகம் முழுக்க அப்படித்தான். பயணக் களைப்பு இல்லை, புல்லின் பழக்கம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டம் இருக்கிறது. கொரோனா காலத்தில் காலி அரங்குகளில் ஆடியபோது பல லீக்குகளில் உள்ளூர் வெற்றி குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவதும் குறைந்தது. பல்லாயிரம் பேரின் சீழ்க்கை ஒரு நடுவரின் கையைத் தள்ளுகிறது என்றால், மலைக்காற்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

மனைவி அதுவரை பேசவில்லை. பேசியபோது கணவரைவிடக் கூர்மையாகப் பேசினார். "உங்கள் வீரர்களில் பாதிப் பேர் சாண்டா க்ரூஸ்காரர்கள்" என்றார் பெரியவரைப் பார்த்து. "அது 400 மீட்டர். அங்கே வெயிலில் வளர்ந்த பையனுக்கு எல் ஆல்தோ எப்படிச் சொந்த ஊர் ஆகும்? சீலெஸ் மைதானத்தை விட்டுவிட்டு இன்னும் ஐந்நூறு மீட்டர் மேலே ஏறினீர்களே, அது எதற்கு? வீட்டில் ஆடுவது வேறு, வீட்டை உயரத் தூக்கிக்கொண்டு போவது வேறு."

அந்த மேசையில் கேட்ட வாதங்களிலேயே வலுவானது இதுதான். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்குமே எல் ஆல்தோ மாற்றம் பிடித்திருக்கவில்லை. சீலெஸ் மைதானத்தை விட்டுத் தேசிய அணி போனது அவர் மனதில் முள்ளாக இருந்தது. 1993 ஜூலை 25 அன்று அவர் அந்த அரங்கில் இருந்திருக்கிறார். பிரேசிலோடு ஆட்டம். பொலிவியா ஒரு பெனால்டியைத் தவறவிட்டது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மார்கோ எச்செவெர்ரி அடித்த பந்து பிரேசில் கோல்கீப்பர் தஃபரேலின் கால்களுக்கிடையில் புகுந்து வலைக்குள் போனது. அடுத்த நிமிடமே இன்னொன்று. 2-0. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளின் வரலாற்றில் பிரேசில் தோற்ற முதல் ஆட்டம் அது. "அடுத்த மாதமே ரெசிஃபேயில் 6-0 அடித்தோமே" என்றார் கணவர். "அடித்தீர்கள். நாங்கள் கடற்கரைக் காற்று கனமாக இருக்கிறது என்று மனுப் போடவில்லை" என்றார் பெரியவர். மேசையே சிரித்தது. இரண்டு அணிகளும் 1994-இல் அமெரிக்கா போயின. கோப்பையைப் பிரேசில் கொண்டுவந்தது.

மனைவியின் கேள்விக்கு எனக்குப் பதில் எல் ஆல்தோவில் கிடைத்தது.

லா பாஸிலிருந்து மேலே போக ரோப்கார்தான் நல்ல வழி. மி டெலிஃபெரிக்கோ என்று பெயர். 2014 முதல் ஓடுகிறது. ஊரின் பேருந்தே அதுதான் என்று சொல்லலாம். சிவப்பு வழித்தடத்தில் ஏறி, கல்லறைத் தோட்டத்தின் மேலாக, செங்கல் வீடுகள் அடுக்கடுக்காய் ஒட்டிக்கொண்டிருக்கும் சரிவுக்கு மேலாகப் போய், உச்சியில் இறங்கி, நீல வழித்தடத்துக்கு மாறி, ரியோ செக்கோ வரை போனேன். கீழே எல் ஆல்தோ தட்டையாக, கண்ணுக்கெட்டும் தூரம் வரை விரிந்து கிடக்கிறது. பெரும்பாலும் அய்மாரா மக்கள். கிராமங்களிலிருந்தும் மூடிப்போன சுரங்கங்களிலிருந்தும் வந்து, ஒரு தலைமுறைக்குள் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரின் நகரத்தைக் கட்டி நிமிர்த்தியவர்கள். 2003 அக்டோபரில் நாட்டின் எரிவாயுவை விற்கும் திட்டத்தை எதிர்த்து இவர்கள் சாலையை மறித்ததில் ஒரு ஜனாதிபதி பதவியை விட்டு ஓட வேண்டியிருந்தது. நடுநடுவே கட்டடக்கலைஞர் ஃப்ரெடி மமானி கட்டிய மாளிகைகள், பச்சையும் ஆரஞ்சுமாக, அய்மாரா நெசவின் வடிவங்களை முகப்பில் ஏந்தி, சாம்பல் நிறத் தெருக்களில் திருவிழாபோல நிற்கின்றன. வடக்கே 6,088 மீட்டர் வாய்னா பொத்தோசி. அந்த மலை மைதானத்துக்குக் காவல் நிற்பதுபோல அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது.

கீழே இருக்கிற லா பாஸ்காரர்கள் நெடுங்காலம் இந்த ஊரை ஏழைகளின் மேடாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தேசிய அணியைப் பார்க்க வேண்டுமென்றால் எல் ஆல்தோக்காரன் இறங்கிப் போக வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அணி முதன்முறையாக இங்கே தகுதிச் சுற்று ஆட ஏறி வந்தது. வெனிசுலாவை 4-0. அடுத்த மாதம் கொலம்பியாவை 1-0. மைதான வாசலில் ஆப்பி விற்ற அம்மாளிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். ஊதாச் சோளத்தில் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சுகிற சூடான பானம் ஆப்பி. கூடவே பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பஸ்தேல். அந்த அம்மாளுக்கு வட்டத் தொப்பி, அடுக்குப் பாவாடை, முதுகில் கட்டிய வண்ணத் துணி. பிரேசில்காரர்கள் இந்த மைதானம் நியாயமில்லை என்கிறார்களே என்று கேட்டேன். டம்ளரை நிரப்பிக்கொண்டே சொன்னார்: "நான் தினமும் இங்கேதான் மூச்சு விடுகிறேன், கசேரீட்டோ (வாடிக்கைக்காரரே). அவர்கள் ஒரு ராத்திரி விடட்டும்."

ரியோக்காரப் பெண்மணிக்கு என் பதில் இதுதான். ஒரு மைதானம் யாருடைய வீடு என்பதை அங்கே ஆடுகிற பதினோரு பேரின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றியிருக்கிற படிக்கட்டுகளில் உட்காருகிறவர்களும் தீர்மானிக்கிறார்கள். எந்த நாட்டு அணிதான் தன் பெரிய நகரங்களில் ஆடாமல் இருக்கிறது? எல் ஆல்தோ பொலிவியாவின் பெரிய நகரங்களில் ஒன்று. ஆம், எதிரணிக்கு மூச்சு முட்டும் என்று தெரிந்தேதான் ஏறினார்கள். அதை யாரும் அங்கே மறைக்கவில்லை. கொலம்பியாவும் தெரிந்தேதான் 2,600 மீட்டரில் குளுகுளுவென்று இருக்கிற பொகோத்தாவை விட்டுவிட்டு, கரீபியன் கடற்கரையில் வெந்துகொண்டிருக்கிற பரன்கீய்யாவில், மாலை வெயிலில் விருந்தாளிகளை நிறுத்துகிறது. வெயிலுக்கு யாரும் தடை கேட்டதில்லை. வெயிலில் வாடுகிறவர்களில் பொலிவியாக்காரர்களும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலை அவ்வளவு பெரிய மந்திரமாக இருந்தால் பொலிவியா எத்தனை உலகக் கோப்பை ஆடியிருக்க வேண்டும்! தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே போனது 1994-இல் ஒரே ஒரு முறை. பொலிவிய கிளப் எதுவும் லிபர்த்தடோரெஸ் கோப்பையைத் தொட்டதில்லை; பொலிவார் 2014-இல் அரையிறுதி வரை போனது. தன் ஊருக்கு யானை அயலூருக்குப் பூனை என்பது இந்த அணிக்கு எழுதி வைத்தது போலப் பொருந்தியது: 1993-இல் வெனிசுலாவில் வென்ற பிறகு, வெளிநாட்டு மண்ணில் அடுத்த தகுதிச் சுற்று வெற்றிக்கு 2024 வரை காத்திருந்தார்கள். சாண்டியாகோவில் சிலியை 2-1 என்று வென்ற அன்று நாடு முழுக்கத் தெருவில் நின்றதாம். தயாராகி வருகிறவனுக்கு மலை வழிவிடவும் செய்கிறது. 2022 மார்ச்சில் இதே பிரேசில் லா பாஸில் 4-0 அடித்தது. 2023 செப்டம்பரில் மெஸ்ஸி இல்லாத அர்ஜென்டினா 3-0. மெஸ்ஸி 2013-இல் இங்கே ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், நெய்மார் 2017-இல் பிராணவாயு முகமூடியோடு அணியினர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு இது மனிதத்தன்மையற்றது என்றார். அவை உலகம் முழுக்கச் சுற்றின. 4-0 அவ்வளவாகச் சுற்றவில்லை.

இனி ஆட்டம்.

இரவு ஏழரைக்குத் தொடக்கம். வெயில் இறங்கியதும் குளிர் கம்பளியைத் துளைத்துக்கொண்டு எலும்புக்குப் போனது. என்னைச் சுற்றி பச்சைச் சட்டைகள், போர்வைகள், தோளில் குழந்தைகள். பிரேசில் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட அணி. பயிற்சியாளர் கார்லோ அஞ்செலோத்தி புதிய முகங்களோடு வந்திருந்தார். பொலிவியாவுக்கோ வாழ்வா சாவா. இங்கே ஜெயிக்க வேண்டும், அங்கே மத்தூரினில் வெனிசுலா கொலம்பியாவை வெல்லக் கூடாது. இரண்டும் நடந்தால் ஏழாவது இடம், கண்டங்களுக்கிடையிலான பிளேஆஃப். ஆகவே ஒரு கண் ஆடுகளத்தில், ஒரு காது பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியில்.

அந்த உயரத்தில் பந்து வேறு ஜந்து! அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். காற்று மெலிந்திருப்பதால் தடை குறைவு. அடித்த பந்து சீறிக்கொண்டு போகிறது. சுழற்றி அடித்தால் கடற்கரையில் வளைகிற அளவு வளைவதில்லை. பொலிவியப் பையன்கள் முதல் நிமிடத்திலிருந்து எங்கிருந்து வேண்டுமானாலும் அடித்தார்கள். முப்பது மீட்டர், முப்பத்தைந்து மீட்டர், யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் எழுந்தது. பிரேசிலின் அலிசன் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். அவர் பந்தின் வேகத்தை அளந்து அளந்து கையை வைத்த விதத்தில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. பிரேசில்காரர்கள் பந்தை நிதானமாக, காலடியிலேயே வைத்து நகர்த்தினார்கள். ஒரு ஓட்டம் ஓடியவன் அடுத்த ஓட்டத்துக்கு முன் இடுப்பில் கை வைத்தான். என் மூச்சு அப்போதைக்குச் சீராகியிருந்தது. ஆனாலும் அவர்கள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபோது என் நெஞ்சும் கூடவே இறுகியது. பெரும்பாலான அணிகள் சாண்டா க்ரூஸில் தங்கிவிட்டு ஆட்டத்தன்றுதான் மேலே வருகின்றன. மலைநோய் தலைகாட்டச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் ஆடி முடித்து இறங்கிவிடலாம் என்பது கணக்கு. நோய் வேண்டுமானால் தாமதிக்கும். மூச்சு தாமதிப்பதில்லை.

முதல் பாதியின் கூடுதல் நேரம். பெனால்டி பெட்டிக்குள் பிரேசிலின் புரூனோ கிமாரேஸ் பொலிவியாவின் ரொபெர்த்தோ ஃபெர்னாந்தெஸின் காலைத் தட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நடுவர் காதில் கை வைத்தார், திரைக்கு ஓடினார். அந்த நேரம் முழுக்க இருபதாயிரம் பேர் எழுப்பிய சீழ்க்கையை விவரிக்க எனக்கு வார்த்தை போதாது. படிக்கட்டுக் கான்கிரீட் என் காலடியில் அதிர்ந்தது. பெனால்டி! அடிக்க வந்தவர் மிகேலீத்தோ தெர்செரோஸ், 21 வயது. எங்கே பிறந்தவர்? சாண்டா க்ரூஸ். எங்கே ஆட்டம் பழகினார்? பிரேசிலில், பெலேயின் சாந்தோஸ் கிளப்பில். ரியோப் பெண்மணியின் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். அந்தப் பையன் ஓடி வந்தான், அடித்தான், அலிசனைத் தாண்டி வலை குலுங்கியது. எனக்கு முன்வரிசையில் இருந்த கிழவர் திரும்பி, யார் எவர் என்று பாராமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவருக்குத் தெரிந்த மொழியில் நான் ஒரு வாக்கியம் உருப்படியாகச் சொல்லியிருக்க மாட்டேன், அதற்கு அவசியமும் இருக்கவில்லை. தெர்செரோஸை அந்த மலைக்குச் சொந்தக்காரன் ஆக்க அந்தக் கூட்டத்துக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் கைபேசிக்காரர்தான் அரங்கின் ராஜா. மத்தூரினில் வெனிசுலா முதலில் முன்னிலையில் இருந்தது. பிறகு லூயிஸ் சுவாரெஸ், உருகுவேக்காரர் அல்ல, கொலம்பியாவின் சுவாரெஸ், ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தார். இங்கே ஆடுகளத்தில் ஒன்றும் நடக்காத நேரத்தில் திடீரென்று ஒரு மூலையிலிருந்து கர்ஜனை கிளம்பி வட்டமடித்து வரும், வீரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவர்களுக்கும் புரிந்துவிடும். சுவாரெஸ் மட்டும் நான்கு கோல். 6-3. இங்கே கடைசி நிமிடங்களில் பிரேசில் பெருமூச்சோடு முட்டியது, கார்லோஸ் லம்பே தன் வலையைக் காத்தார். விசில் ஊதியபோது ஊரே வெடித்தது. 2009-க்குப் பிறகு பிரேசில்மீது பொலிவியாவுக்கு முதல் வெற்றி. பிரேசிலுக்கு 28 புள்ளி, ஐந்தாம் இடம். இந்த முறையில் தகுதிச் சுற்று தொடங்கியதிலிருந்து அவர்களுக்கு இதைவிடத் தாழ்ந்த இடம் வந்ததில்லை.

அன்றிரவே புகார்கள் வந்தன. பிரேசில் சங்கத் தலைவரே உயரத்தையும் நடுவரையும் பந்து பொறுக்கிக் கொடுக்கும் பையன்களையும் சேர்த்துக் குறை சொன்னார். மறுநாள் காலை மேசையில் எங்கள் ரியோ தம்பதி அந்தப் பட்டியலை அப்படியே ஒப்பித்தார்கள். ஆனால் கணவர் நடுவே நிறுத்தி, "அந்தக் கூட்டம் மட்டும்..." என்று சொல்லித் தலையை ஆட்டினார். அவர்களும் மைதானத்தில் இருந்தார்கள். அவர்களுடைய சிவப்புக் கறுப்பு ஃபிளமெங்கோ துண்டைப் பார்த்து ஒருவரும் வம்பு செய்யவில்லையாம். பக்கத்தில் இருந்த குடும்பம் போர்வையில் பாதியைக் கொடுத்திருக்கிறது. பெரியவர் வேறு கவலையில் இருந்தார். இதே பெனால்டி சீலெஸ் மைதானத்திலும் கிடைத்திருக்கும், இதற்காக எல் ஆல்தோ வரை ஏற வேண்டியதில்லை என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த வேலைக்காரப் பெண், எல் ஆல்தோவில் பிறந்தவள், "போன தடவை சீலெஸில் பிரேசில் நான்கு அடித்தது, ஐயா, நான்கு" என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அடுத்த அரைமணி நேரம் சண்டை லா பாஸுக்கும் எல் ஆல்தோவுக்கும் என்று ஆகிவிட்டது. ரியோக்காரர்கள் நடுவராக உட்கார்ந்தார்கள்.

கால்பந்தை நேசிக்கிறவர் யாராக இருந்தாலும் வாழ்நாளில் ஒரு முறையாவது அங்கே போங்கள். சில நாள் முன்னதாகப் போய் உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போங்கள். லிபர்த்தடோரெஸ் ஆட்டங்கள் நடக்கிற மாதங்களில் போனால், சீலெஸில் பிரேசில் அல்லது அர்ஜென்டினா கிளப் ஒன்று மூச்சு வாங்குவதையும் பார்க்கலாம். ஸ்ட்ராங்கஸ்ட் ரசிகர்கள் தெற்கு வளைவில் நின்று அய்மாரா மொழியில் முழங்குவதைக் கேட்கலாம். எல் ஆல்தோவில் இரவு ஆட்டமென்றால் இரண்டு கம்பளி போதாது, மூன்று வேண்டும். வாசலில் ஆப்பி குடித்துவிட்டு உள்ளே போங்கள். முடிந்தால் வெளியூர் ரசிகர் ஒருவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவர் நிச்சயம் புகார் சொல்வார், நீங்கள் நிச்சயம் மறுப்பீர்கள், மூச்சு இருக்கிற வரை பேசலாம்.